பீடி-வன்

எலியாசண்ணனுக்கு ஏற்றும் மருந்தின் பெயர்
யாருடைய வாயிலும் நிற்காது.
அது எதன் வாயை மூடுகிறதோ, அதன் பெயரை மட்டும்
ஒரு தரம் கேட்டவுடன் பிடித்துக்கொண்டார்:
பீடி-வன்.
"பீடியால வந்த வருத்தம் மிஸ்,
மறுகா பீடிக்கே ஊசியா?"
வாட்டு முழுக்கச் சிரித்தது.
அவர் சிரிக்கப் போய் இருமினார்.

அவருடைய ரத்தக் குழாய்கள் என்னிடம்தான் வரும்.
மட்டக்களப்பு ஆஸ்பத்திரி, பின்பக்க ஆய்வுகூடம்,
கரண்ட் போனால் றிஸ்மியா ஓடிப்போய்
குளிர்பெட்டிக் கதவில் சாய்ந்து நிற்பாள்.
காலை பத்து மணிவரை என் விரல்கள் மடங்காது.
மூட்டுகளை என் சொந்தச் செல்களே தின்கின்றன.
இதை எலியாசண்ணனிடம் நான் சொன்னதில்லை.

அவர் கேட்டார், அதனால் சொன்னேன்:
இன்னும் எதுவும் ஆகாத ஓர் உதவி டி செல் இருக்கிறது.
எதிரியின் துண்டொன்றை யாரோ கொண்டுவந்து காட்டுகிறார்கள்.
எவ்வளவு சத்தமாக அது கேட்கிறதோ
அதைப் பொறுத்துத்தான் என்னவாகும் என்பது.
உரக்கக் கேட்டால் சண்டைக்காரனாகும்.
தணிவாகக் கேட்டால், சிலவேளை,
"போதும், விடு" என்று மற்றவர்களை இழுத்துப் பிடிக்கும் ஆளாகும்.
பீடி-வன் அந்தச் செல்லின் தோலில் நின்று
சத்தத்தைக் குறைக்கிற கை.
"அப்ப அது மறிக்கிறதில்ல,
ஆளையே மாத்துது" என்றார்.
பாடப்புத்தகத்தில் இதற்கு நாலு பக்கம்.

உங்கள் கட்டி அந்தக் கையைப் பிடித்து
ஓயாமல் அமத்திக்கொண்டிருக்கிறது, என்றேன்.
மருந்து கையை எடுத்துவிடும்.

கார்த்திகை. வாவி ஏறிக்கொண்டிருந்தது.
முகத்துவாரத்தை வெட்டு என்று வட்டைக்காரர் கச்சேரியில்;
பொறு, இறால் இன்னும் முத்தவில்லை என்று பாலமீன்மடு.
உவமை தேடுகிற பழக்கம் எனக்கில்லை.
அவர்தான் கட்டிலில் எழுந்து குந்திக்கொண்டு
போர்வையில் விரலால் கோடு கிழித்தார்:
"இந்த மண்திட்டு இல்லாட்டி
இது வாவியே இல்ல மிஸ். வெறும் கடல்.
மணலைக் குஞ்சு எங்க வளரும்?
வெட்டத்தான் வேணும். ஆனா
எப்ப, எந்தப் பக்கம், எவ்வளவு அகலம் எண்டு
ஆருக்குத் தெரியும்?"

மூன்றாவது ஏற்றலில் கட்டி பாதியாகச் சுருங்கியது.
படத்தை மகள் போனில் எடுத்து
இத்தாலிக்கு அனுப்பினாள்.
நாலாவதுக்குப் பிறகு
ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கக்கூசு.
குடலுக்குள் சண்டைக்காரர் நிறைந்துவிட்டார்கள்,
போதும் என்று சொல்ல அங்கே ஆள் காணாது.
மருந்தை நிறுத்தி, குளிசை எழுதினார்கள்.

அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை
என் கைப்பைக்குள்ளும் கிடக்கிறது.
ஊசி குத்தக் குனிந்தபோது
பை சரிந்து பெட்டி வெளியே விழுந்தது.
அவர் அதைப் பார்த்தார். என் முட்டிகளையும் பார்த்தார்.
"உங்களுக்கு ஆர் வெட்டினது?"
யாரும் வெட்டவில்லை அண்ணன்.
என் திட்டு தானாகக் கரைந்தது.

வேறொன்றும் பேசவில்லை.
இடது கையில் நரம்பு அகப்படவில்லை,
வலது கையில் எடுத்தேன்.

அன்றிரவு எனக்கு நைட் டியூட்டி.
பெக்கோ இறங்கிவிட்டதாம் என்று யாரோ சொல்ல,
ஒரு மணிக்கு அவர் சன்னலோரம் நின்றார்,
சேலைன் கம்பியைத் தோணிக் கம்பு போலப் பிடித்துக்கொண்டு.
"இரையுது, கேக்குதா?"
எனக்கு ஜெனரேட்டர்தான் கேட்டது.
"வடக்காலயா வெட்டினவங்க, தெற்காலயா?"
தெரியாது என்றேன்.
"விடியப் பாத்துச் சொல்லுங்க. வயல் தப்பும்.
இறால் எப்பிடியோ."

ஆறு மணிக்குக் குளிசைப் போத்தலோடு மல்லுக்கட்டினேன்.
மூடி அசையவில்லை.
றிஸ்மியா வரட்டும்.